தள்ளுவண்டித் தாத்தாவும் ஐந்து கோட்டு அணிலும்

“என்னடா, தள்ளுவண்டி வச்சிருக்கியாமே! இந்த வயசுல என்ன யாவாரம்டா?”

கும்பகோணத்திலிருந்து என் அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் தள்ளுவண்டி என்றால் இட்லிக் கடை, அதை விட்டால் இஸ்திரி. நான் தள்ளுவதோ என் பேத்தியை! கடைக்காரர் அதற்கு ‘பிராம்’ என்று பெயர் சொன்னார். மருமகள் ‘ஸ்ட்ரோலர்’ என்கிறாள். எப்படியோ, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் ‘தள்ளுவண்டித் தாத்தா’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

மகனுக்கு மத்திய அரசு வேலை. லோதி காலனியில் குடியிருப்பு. மருமகளும் வேலைக்குப் போகிறாள். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஆகவே பேத்தியை வண்டியில் உட்கார வைத்து லோதி தோட்டத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு ஓய்வு பெற்றவனான என் தலையில் விழுந்தது. அவளுக்குப் பத்து மாதம் ஆனபோது ஆரம்பித்தோம். இப்போது இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு இதே தோட்டத்துக்கு என் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அப்போது கண்ணில் படாத பலவற்றை இப்போது பார்க்கிறேன். கூடவே ஒரு பாடமும் படித்தேன். சிறு குழந்தை உள்ள நம் குடும்பங்களுக்கு அது உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சிறுதேரும் மடக்கு வண்டியும்

குழந்தையும் வண்டியும் நமக்குப் புதிதல்ல. சோழர் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிறார்கள். உலரப் போட்ட தானியத்தைத் தின்ன வந்த கோழியின் மேல் பெண்கள் வீசிய பொன் காதணி அந்தச் சக்கரத்தைத் தடுக்கிறதாம்! ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமும் சிறுதேர்தான். ஆனால் அந்தத் தேர்களைப் பிள்ளைகள் உருட்டினார்கள். இன்றைய வண்டியில் பிள்ளை உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் உருட்டுகிறோம்.

மேல்நாட்டில் 1733-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கென்ட் என்ற தோட்டக் கலைஞர் ஒரு பிரபுவின் குழந்தைகளுக்காகச் செய்த வண்டிதான் முதல் பிராம் என்பார்கள். நாம் இன்று மடக்கிக் காரில் போட்டுக்கொள்ளும் வகை 1965-இல் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. அவர் போர் விமானச் சக்கரங்களை வடிவமைத்த அனுபவம் உள்ளவர். விமானச் சக்கரம் மடங்கி உள்ளே போகுமானால் குழந்தை வண்டி ஏன் மடங்கக்கூடாது என்று யோசித்திருக்க வேண்டும்!

சுல்தான்களின் வாசலில்

லோதி தோட்டத்தின் பரப்பு சுமார் 90 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது. அகலமான நடைபாதைகள் இருப்பதால் வண்டி தள்ளுவதற்குத் தில்லியில் இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து குறைவு. கஷ்டமெல்லாம் தோட்டத்தை அடைவதற்கு முன்புதான். தெரு நடைமேடையில் ஓரிடத்தில் கம்பம், ஓரிடத்தில் ஸ்கூட்டர், ஓரிடத்தில் ஒரு முழ உயரத்துக்குப் படி. அத்தனையும் கடந்து வாசலுக்குள் சக்கரம் ஏறியதும் பேத்தி ஒரு பெருமூச்சு விடுவாள். அது என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

லோதி ரோடு வாசல் வழியாக வந்தால் முதலில் எண்கோண வடிவில் முகம்மது ஷா சையதின் கல்லறை. 1444-இல் எழுந்தது, இந்தத் தோட்டத்துக் கட்டடங்களில் மூத்தது. மேலே ஏறப் படிகள் உண்டு, வண்டி ஏறாது. புல்வெளியில் நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து பார்த்தாலே போதும்.

நடுவில் ‘பரா கும்பத்’. பெயருக்கேற்றபடி பெரிய கும்மட்டம். உள்ளே கல்லறை எதுவும் இல்லை; யாருக்காகக் கட்டினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்களே உறுதியாகச் சொல்வதில்லை. ஒட்டியிருக்கும் மசூதி 1494-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு எதிரே ‘ஷீஷ் கும்பத்’. ஒரு காலத்தில் நீல நிற ஓடுகள் பதித்துக் கண்ணாடிபோல் மின்னியதால் அந்தப் பெயர். இப்போதும் சில வரிசை ஓடுகள் மிச்சமிருக்கின்றன. காலை வெயில் அதன்மேல் விழும்போது பேத்தி விரலை நீட்டிக் காட்டுவாள்.

இன்னும் வடக்கே போனால் மதில் சூழ்ந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை. அவர் இறந்தது 1517-இல். மகன் இப்ராகிம் லோதி தந்தைக்காகக் கட்டியது இது. அந்த இப்ராகிம் 1526-இல் பானிபட்டில் பாபரிடம் தோற்றதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பக்கத்தில் ‘அட்புலா’. எட்டுத் தூண், ஏழு வளைவு உள்ள, அக்பர் காலத்துக் கல் பாலம். அதன் கீழே தண்ணீரில் வாத்துகள். குழந்தைகளுக்குச் சுல்தான்களைவிட வாத்துகள்தான் முக்கியம். எங்கள் நடையில் பாதி நேரம் இங்கேதான் கழியும்.

இந்த இடம் எப்போதும் பூங்காவாக இருந்ததில்லை. கல்லறைகளைச் சுற்றி கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. அந்த மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, வைஸ்ராயின் மனைவி பெயரால் ‘லேடி வில்லிங்டன் பார்க்’ என்று 9-4-1936 அன்று திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதி தோட்டம் ஆயிற்று. 1968-இல் ஜோசப் ஸ்டைன், காரெட் எக்போ என்ற இருவர் இதைச் சீரமைத்துக் கொடுத்தார்கள்.

பேச்சு நின்ற மூன்று வாரம்

பேத்தியை ஒன்றரை வயதில் அருகிலுள்ள ஒரு மழலையர் பள்ளியில் காலை இரண்டு மணி நேரத்துக்குச் சேர்த்தார்கள். அப்போது அவள் பேசியது ‘அப்பா’, ‘தா’, ‘மம்மம்’ போன்ற நாலைந்து சொற்கள்தான். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்த ஆசிரியை மருமகளை அழைத்து, “வீட்டில் ஒரு மொழி, ஆயாவிடம் ஒரு மொழி, இங்கே ஒரு மொழி. குழந்தை குழம்பிப்போகிறாள். தமிழை நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லியனுப்பினார்.

மருமகள் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, “மாமா, கொஞ்ச நாளைக்கு இவகிட்ட தமிழ் வேண்டாம் மாமா. இங்கிலீஷ் இல்லேன்னா ஹிந்தி மட்டும் பேசுவோம்” என்றாள். சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. திருச்சியில் வளர்ந்தவள், தாலாட்டைத் தவிர வேறு எதையும் பாடித் தூங்க வைத்ததில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. பெற்றவளின் கவலைக்கு முன் தாத்தாவின் மொழிப்பற்று எந்த மூலைக்கு?

ஆனால் என்னுடைய ஆங்கிலம் கோப்பு எழுதிய ஆங்கிலம். ‘தங்கள் நேற்றைய தேதியிட்ட அழுகை தொடர்பாக’ என்றுதான் எனக்கு வரும். இந்தியோ, காய்கறி வாங்கவும் ஆட்டோவில் பேரம் பேசவும் போதுமானது. குழந்தையைக் கொஞ்சுவதற்கு அதில் எனக்குச் சொல் இல்லை. அதனால் என்ன நடந்தது தெரியுமா? நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் அந்தத் தோட்டத்தை நாங்கள் இருவரும் மௌனமாகச் சுற்றினோம். பேத்தி திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பாள். வண்டியின் மேற்கூரை அவள் முகத்தை மறைக்கும். நான் தள்ளிக்கொண்டே போவேன்.

நாலாவது வாரம் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். பஞ்சாபிப் பெண்மணி; பொறுமைசாலி. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொன்னார். குறையில்லை என்று தெரிந்தது. பிறகு அவர் விளக்கினார். இரண்டு மூன்று மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ண வேண்டும். பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டாலும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்காக வீட்டு மொழியை நிறுத்துவதில் ஒரு பயனும் இல்லை.

“உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ அதில் பேசுங்கள்” என்று என்னைப் பார்த்து இந்தியில் சொன்னார். மருமகள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அவள் குழந்தையிடம் சொன்ன முதல் வார்த்தை, “வாடி என் தங்கமே!”

வண்டிக்கு முன்னால் வந்து பேசுங்கள்

தமிழ் திரும்பி வந்தது. ஆனால் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. அந்த மூன்று வாரத்துக்கு முன்பும் நான் தோட்டத்தில் அதிகம் பேசியதில்லை! இடுப்பில் இருக்கும் குழந்தையின் முகம் நம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாய் சும்மா இருக்காது. என் மனைவி அந்தக் காலத்தில் என் மகனிடம் வாசலிலிருந்து பாலம் வரை ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். வண்டியில் அப்படியில்லை. குழந்தை முன்னால் பார்க்கிறது. நாம் அதன் கூரையைப் பார்க்கிறோம்.

இதை மகனிடம் சொன்னபோது அவன் ஓர் ஆய்வைத் தேடிக் காட்டினான். ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் என்ற உளவியலாளர் 2008-இல் வெளியிட்டது. தெருவில் குழந்தை வண்டி தள்ளிப்போகும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்திருக்கிறார்கள். குழந்தை தள்ளுபவரைப் பார்த்து உட்காரும் வண்டியானால் பெரியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசுகிறார்களாம். எங்கள் வண்டி இருக்கையைத் திருப்பிப் போட முடியாத வகை. புதிது வாங்கலாம் என்றான் மகன். வேண்டாம், வண்டி திரும்பாவிட்டால் தாத்தா திரும்புகிறேன் என்றேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மரத்தடியிலும் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, சுற்றி முன்னால் வந்து, குந்தி உட்கார்ந்து பேசுவேன். முழங்கால் முணுமுணுக்கும். ஒரு நடைக்கு ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்தால் அது தனி உடற்பயிற்சி.

பேச உட்கார்ந்த பிறகுதான் என் பஞ்சம் எனக்கே தெரிந்தது. வேம்பு, அரசு, நாவல் வரை தடையில்லை. மார்ச்சில் இலையே இல்லாமல் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரத்தைக் காட்டி “இது செமல்” என்றேன். செமல் என்பது இந்தி அல்லவா? அடுத்த மரம் கச்னார். அடுத்தது அமல்தாஸ். நாற்பத்தைந்து வருஷம் தில்லியில் இருந்ததில் என் வாயிலிருந்தே அந்தப் பெயர்கள் உதிர்ந்துபோயிருந்தன.

அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன். பூவை விவரித்தேன்.

“செவப்பா, தடிமனா, தொப்புனு விழுமா? முள்ளிலவம்டா அது! காய் வெடிச்சுப் பஞ்சு பறக்குமே. அதுகூட மறந்து போச்சா?”

அப்படியே கச்னார் மந்தாரை ஆயிற்று, அமல்தாஸ் கொன்றை ஆயிற்று, அர்ஜுன் மருதமரம் ஆயிற்று. மரத்தில் கூச்சலிடும் தவிட்டுக்குருவி, அத்திப்பழம் தின்ன வரும் சாம்பல் இருவாச்சி, புல்தரையில் நடக்கும் கொண்டலாத்தி எல்லாம் அக்காவின் தயவு. மரங்களில் மாட்டியிருக்கும் பலகையில் தமிழ் இல்லை. எண்பது வயது அக்கா எனக்கு அந்தப் பலகை. “யாவாரம் எப்படிடா போகுது?” என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல ஆரம்பிப்பாள்.

அணிலுக்கு எத்தனை கோடு?

ராமர் தடவிக் கொடுத்ததால் அணில் முதுகில் மூன்று கோடு என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். லோதி தோட்டத்து அணிலை நின்று பாருங்கள். நடுவில் மூன்று, பக்கத்துக்கு ஒன்றாக மங்கலாக இன்னும் இரண்டு. மொத்தம் ஐந்து! வடநாட்டு அணில் இனமே வேறு. நம் ஊரில் வழக்கமாகப் பார்ப்பது மூன்று கோட்டு இனம். தில்லிக்கு மாற்றலாகி வந்ததில் அணிலுக்கு இரண்டு கோடு பதவி உயர்வு என்று என் மனைவி சிரித்தாள். எனக்குத் தில்லியில் நாற்பத்தைந்து வருஷத்தில் கிடைத்தது மூன்றுதான்!

பேத்திக்கு அணில் என்றால் உயிர். வண்டி நின்றதும் மரத்தடியைத் தேடுவாள். டாக்டரைப் பார்த்த ஆறாவது வாரம், பரா கும்பத்துக்கு அருகில், நான் குந்தி உட்கார்வதற்கு முன்பே விரலை நீட்டி “அணி!” என்றாள். ‘ல்’ வரவில்லை. அதனால் என்ன, லோதி தோட்டமே என்னைப் பார்க்கும்படி கைதட்டினேன்.

மருமகளுக்கு மட்டும் உள்ளூர ஒரு கேள்வி இருந்தது. ஆயா அதே அணிலைக் ‘கிலஹரி’ என்கிறாரே, குழந்தை குழம்பாதா? ஜார்க்கண்டிலிருந்து வந்த அந்த அம்மாள் பேத்தியைத் தன் குழந்தைபோல் பார்த்துக்கொள்கிறவர். ஒருநாள் அவரும் எங்களுடன் தோட்டத்துக்கு வந்தார். அணில் ஒன்று மருதமரத்தில் ஏறியது. பேத்தி என்னைப் பார்த்து “அணி” என்றாள். உடனே அந்தப் பக்கம் திரும்பி ஆயாவைப் பார்த்து “கில்லி” என்றாள்!

எனக்கு மெய்சிலிர்த்தது. யாரிடம் எந்தப் பெயர் செல்லும் என்று அந்தச் சின்னத் தலைக்குத் தெரிந்திருக்கிறது. குழம்பியிருந்தது பெரியவர்களாகிய நாங்கள்தான்.

இரண்டு வயது முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அணில் ஒன்று பொந்துக்குள் ஓடி மறைந்தது. பேத்தி கையை விரித்து “அணி போச்சு” என்றாள். இரண்டு சொல், சேர்ந்தாற்போல்! அங்கேயே நின்று மருமகளின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க மாமா” என்றாள். குழந்தை சொல்லவில்லை. வாத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்று காலை உதைத்தாள்.

வண்டியோடு வருகிறவர்களுக்கு

அனுபவத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

• பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மிக நல்லவை. ஏப்ரலிலிருந்து அதிகாலை அல்லது மாலை ஆறுக்கு மேல். மழை முடியும் சமயம் டெங்கு கொசு உண்டு. கை, கால் மூடிய உடை போடுங்கள்.

• நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றின் தரக் குறியீட்டைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. 200-ஐத் தாண்டினால் நாங்கள் வீட்டில்தான்.

• சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது வண்டியை நன்றாகப் பின்தள்ளி நிறுத்துங்கள். வண்டியில் இருக்கும் குழந்தையின் மூக்கு, வாகனப் புகைக்குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

• வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். நிழலில் தள்ளுங்கள், குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

• கைப்பிடியில் கனமான பையை மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். பேத்தியைத் தூக்கியதும் வண்டி மல்லாந்தது. முகம்மது ஷாவின் புல்வெளியில் ஆறு இட்லி உருண்டோடியது. குழந்தை உள்ளே இருந்திருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.

• வார் மாட்டாமல் ஒரு அடிகூடத் தள்ள வேண்டாம். நிறுத்தியதும் பிரேக். பாலத்தருகே தண்ணீர் இருப்பதால் இது முக்கியம்.

• காலை ஏழு மணிக்கு ஓடுபவர்களும் நாய்களும் அதிகம். ஒன்பதுக்கு மேல் பாதை உங்களுடையது.

• மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ஜோர் பாக், கான் மார்க்கெட் நிலையங்கள் அருகில். லிஃப்ட் உண்டு. கான் மார்க்கெட் வழியாக வந்தால் நம் பாரதியார் பெயர் தாங்கிய சுப்பிரமணிய பாரதி மார்க்கையும் குழந்தைக்குக் காட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அடிக்கடி நிறுத்துங்கள். முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்குக் கொஞ்ச வரும் மொழியில் பேசுங்கள். மரத்தின் பெயர் மறந்திருந்தால் ஊரில் யாராவது ஓர் அக்கா இருப்பாள், கேளுங்கள்.

மாலையில் லோதி தோட்டத்துக்கு வருகிறவர்கள், பாதையோரம் ஒரு தள்ளுவண்டி நின்று, அதன் முன்னால் ஒரு கிழவர் குந்தியிருப்பதைப் பார்த்தால் தயங்காமல் வந்து பேசுங்கள். பேத்தி அணில் காட்டுவாள். எழுந்திருக்க மட்டும் எனக்கு ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கும்.